தொள்ளாயிரம் லூமன்

அந்த வீட்டுக் குளியலறைக்கு இரண்டு வேலை. காலையில் மூன்று பேர் குளிக்க வேண்டும். மாலையில் அது பரிசோதனைக்கூடம். இரண்டாவது வேலையைப் பற்றி விருந்தாளிகளிடம் யாரும் சொல்லி வைப்பதில்லை. அவர்களாகவே கதவைத் தட்டித் தெரிந்துகொள்வார்கள்.

"உள்ள யாரு?"

"நான்தான். கதவத் திறந்துடாதீங்க, வெளிச்சம் உள்ள வந்துடும்!"

குளியலறைக்குள் வெளிச்சம் வந்துவிடுமே என்று பதறும் மனிதரை அதற்கு முன் எங்கும் பார்த்திராத விருந்தாளி, சத்தமில்லாமல் கூடத்துக்குத் திரும்பி, "எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று இரண்டாம் முறையாக விசாரிப்பார்.

பதறுகிறவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். ஊராருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுப்பவர் தம் மூக்கில் சுமந்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது மனைவியா அலமாரியா என்பதைக் குரல் கேட்டுத்தான் முடிவு செய்வார். அலமாரி கோபித்துக்கொள்ளாது என்பதால், சந்தேகம் வந்தால் மனைவி என்றே வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

டார்ச் பைத்தியம் பிடித்தது ஒரு ஏமாற்றத்தில். இணையத்தில் ஒரு டார்ச் வாங்கினார். "ஒரு லட்சம் லூமன். ராணுவத் தரம். மலையைத் தாண்டி அடிக்கும்" என்று போட்டிருந்தது. படத்தில் ஒரு மலை நிஜமாகவே பகல் மாதிரி ஜொலித்தது. வந்து சேர்ந்தது உதட்டுச்சாயக் குப்பி அளவில் ஒரு வஸ்து. அதை அடித்து வீட்டுப் பூட்டின் துவாரத்தைத் தேடினார். கடைசியில் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். மறுநாள் அந்தப் படத்தை மறுபடி எடுத்து, கடையில் லென்ஸைச் சோதிக்கும் அதே கவனத்தோடு பார்த்தார். டார்ச் இடப்பக்கம் இருந்தது. மரங்களின் நிழலும் இடப்பக்கமே விழுந்திருந்தது. மலை டார்ச்சால் ஜொலிக்கவில்லை, சூரியனால் ஜொலித்தது. 'இதைப் பார்க்காமலா வாங்கினேன்!' என்று வெட்கப்பட்டவர், வெட்கம் தணிய இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். பெயர், 'எவ்வளவு வெளிச்சம்?'

டார்ச் வாங்கி, அதன் வெளிச்சம் நிஜத்தில் எத்தனை லூமன் என்று அளந்து, உள்ளதை எழுதுவார். வெறும் எண்களோடு விடமாட்டார். கட்டைவிரல் பருமன் டார்ச் லட்சம் லூமன் என்று சொன்னால் அந்தச் சூட்டில் அதைப் பிடித்த கை என்ன ஆகும் என்று கேட்பார். பேட்டரியின் மேல் பெரிய எண் போட்டிருந்தால் சமையலறைத் தராசில் வைப்பார். உள்ளே சரக்கு இல்லாத பேட்டரி கனக்காது. வாங்கியவர்கள் நூறு பேரும் ஒரே வார்த்தைகளில் புகழ்ந்திருந்தால், "நூறு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலிருக்கிறது" என்று எழுதுவார். எது முடியும் என்பதோடு எது முடியாது என்பதையும் சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. காவலாளிகள், கேபிள் பழுதுபார்ப்பவர்கள், தேனீ வளர்ப்பவர் ஒருவர், இரவில் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மருத்துவர் ஒருவர் என்று வாசகர்கள் சேர்ந்தார்கள். "அண்ணே, இது வாங்கலாமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்று அவர் நடையே மாறிவிடும். கடைத்தெருவில் அவர் தலை நிமிர்ந்திருப்பதைப் பார்த்தே, "யாரோ சந்தேகம் கேட்டுட்டாங்க போல" என்பார் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர்.

அளக்கும் முறை எளிமையானது. குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, பல்பை அணைத்து, டார்ச்சை முக்காலிமேல் மல்லாக்க நிறுத்திக் கூரையைப் பார்த்து எரிய விடுவார். கூரையில் பட்ட வெளிச்சம் சுவரெல்லாம் சிதறித் தரைக்கு வரும். தரையில் வெளிச்சமானி இருக்கும். வாளிக்குப் பின்னால், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத கறுப்புச் சட்டையோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்து எண்ணைப் பார்ப்பார். மேலே பார்க்கவே கூடாது. கண் கூசினால் அப்புறம் எண் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஆய்வகச் சான்றிதழோடு வாங்கிய ஐந்நூறு லூமன் பழைய டார்ச் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் 'பெரியவர்'. பெரியவர் ஐந்நூறு காட்டினால் கூடம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த விதியைத் தம் பக்கத்தில் எழுதியவர் அவரே. சமீபகாலமாக அதைக் கைவிட்டவரும் அவரே. பெரியவர் எப்போதும் ஐந்நூறுதான் காட்டினார். எத்தனை தடவை ஒருவரையே விசாரிப்பது?

ஒரு மாலை, கடையை மூடிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவர், ஒரு விளம்பரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேர் தெரியாத சின்னப் பட்டறை ஒன்றின் டார்ச். கீழே இப்படி எழுதியிருந்தது:

"முதல் மூன்று நிமிடம் தொள்ளாயிரம் லூமன். அதற்குமேல் சூடு தாங்காது. தானாகவே நானூறுக்கு இறங்கி, பேட்டரி தீரும்வரை அங்கேயே நிற்கும். மழையைத் தாங்கும், குளத்தைத் தாங்காது. மலைவரை அடிக்காது. தெருமுனைவரை நன்றாக அடிக்கும்."

அதை மறுபடி மறுபடி படித்தார். காதல் கடிதத்தைக்கூட இத்தனை தடவை படித்ததில்லை. அதில் இவ்வளவு விவரம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். விடுமுறை நாளானால் கை சும்மா இருக்காது. மூக்கு நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது.

"ஏங்க, முடிச்சிட்டேன். போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"சூப்பர்!" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அசத்திட்டே போ. இங்க கேளேன், குளத்தைத் தாங்காதாம்! எவ்வளவு தைரியம் பாரு!"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டார்ச் வந்தது. கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற உற்சாகத்தோடு குளியலறைக்குள் போனார். புது வாடை ஒன்று அடித்தது. புது டார்ச்சின் பெட்டி வாடை என்று நினைத்து அதையும் ஆசையாக மூக்கு நிறைய இழுத்தார். டார்ச்சை நிறுத்தினார். குனிந்தார். பார்த்தார்.

அறுநூற்றுப் பத்து.

பேட்டரியை மாற்றினார். லென்ஸைத் துடைத்தார். மறுபடியும் அறுநூற்றுப் பத்து. லட்சம் என்று சொல்லி எழுநூறு கொடுப்பவன்மேல் அவருக்குக் கோபம் வந்ததில்லை. அது சந்தைக் கூச்சல். இது அப்படியா? நம்ப வைத்துக் கழுத்தறுப்பு.

அன்றே எழுதினார். தலைப்பு, 'அடக்கமாகச் சொன்ன பொய்'. "கூவி விற்கும் பொய்யனை நாய்கூட அடையாளம் கண்டுகொள்ளும். குனிந்து நின்று விற்கும் பொய்யனிடம்தான் நாம் ஏமாறுவோம்" என்று ஒரு வரி. அந்த வரி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்ப் பல தடவை படித்துப் பார்த்தார். வாசகர்களுக்கும் பிடித்தது. அவர் எழுதியதில் எதுவும் அவ்வளவு பேரிடம் போனதில்லை. தேனீ வளர்ப்பவர், "கொட்டிட்டீங்க அண்ணே" என்று போட்டிருந்தார். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக்காரரின் தலை கடைப் பலகையை இடிக்கும் உயரத்தில் இருந்தது.

ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வணக்கம் சார். அந்த அடக்கமான பொய்யோட ஓனர் பேசுறேன்."

பெண் குரல். பின்னால் கடைசல் இயந்திரம் சுற்றும் சத்தம். வளைத்துக்கொண்டிருந்த கம்பி கொஞ்சம் அதிகமாகவே வளைந்துவிட்டது. "ஆ!" என்றார் வாடிக்கையாளர்.

"சொல்லுங்க மேடம். நான் அளந்ததத்தான் எழுதினேன்."

"சண்டை போடக் கூப்பிடல சார். ஒண்ணு சொல்லணும், ஒண்ணு கேக்கணும். ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்க சங்கத்துல எல்லா வண்டிக்கும் எங்க டார்ச் வாங்குறதா இருந்தாங்க. அத நம்பிப் பட்டறையில ரெண்டு பேரப் புதுசா சேத்தேன். உங்க பக்கத்தப் படிச்சிட்டு ஆர்டர நிறுத்திட்டாங்க. இப்ப வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்காங்களாம். என்ன டார்ச்சுனு கேளுங்களேன்."

"என்ன?"

"ஒரு லட்சம் லூமன்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்களுக்கென்று கடையில் இருந்த ஒரே நாற்காலி அது.

"இன்னும் பணம் கட்டல. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணிடுவாங்க. அவங்க அத வாங்கிட்டா, சேந்த ரெண்டு பேர்கிட்டயும் நாளையிலேர்ந்து வராதீங்கன்னு நான்தான் சொல்லணும். அது என் தலைவிதி. இருட்டுல ஸ்ட்ரெச்சரத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்குறவங்க கையில அது பாதியில மங்கினா, அது யாரு தலைவிதி சார்?"

"நான் இருநூறு டார்ச் அளந்திருக்கேன் மேடம்."

"தெரியும் சார். எல்லாத்தயும் படிச்சிருக்கேன். உங்களப் படிச்சித்தான் எங்க பெட்டியில என்ன எழுதணும்னே கத்துக்கிட்டேன். குளத்தத் தாங்காதுங்கிறது உங்களுக்காக எழுதுனது. கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. என்னோடத அளந்த அன்னிக்கு, பெரியவர வெச்சுப் பாத்தீங்களா?"

கண்ணாடிக்காரர் எழுந்து நாற்காலியை வாடிக்கையாளரிடம் தள்ளினார்.

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார். காதைத் தடவிக்கொண்டிருந்த வாடிக்கையாளர், "நான் அப்புறமா வரட்டா?" என்றார்.

அன்று கடையைச் சீக்கிரமே மூடினார். 'அந்த அம்மா சொன்னது தப்புன்னு காட்டுறதுக்காகத்தான்' என்று வழியெல்லாம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்தார். பெரியவரை நிறுத்தி, எரியவிட்டு, குனிந்தார்.

முந்நூற்று நாற்பது.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார், பெரியவரைப் பார்த்து. உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கும் குரல். பேட்டரி மாற்றினார். பெரியவர் அசையவில்லை. வெளிச்சமானியைத் தட்டினார், குலுக்கினார், அதற்கும் பேட்டரி மாற்றினார். முந்நூற்று நாற்பது. வாளியைத் தள்ளி வைத்தார். சட்டையை மாற்றிப் பார்த்தார். கடைசியில் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் கதவைத் தட்டினார்.

"மாப்ள, ஆச்சா? நான் இருட்டுறதுக்குள்ள குளிச்சிடணும்."

"பல்பு இருக்கே அத்தை!"

"என்ன பல்பு இருந்து என்ன பண்றது? எங்க போச்சோ வெளிச்சம்! பெயின்ட் அடிச்ச நாள்லேர்ந்து உள்ள போனா பொந்துக்குள்ள போன மாதிரி இருக்கு. நேத்து சோப்புன்னு நெனச்சு படிகாரக் கட்டியத் தேச்சிட்டு வந்தேன். உடம்பெல்லாம் இழுத்துப் பிடிக்குது."

உள்ளே பல்பு சுவிட்சு போடும் ஓசை கேட்டது.

கண்ணாடிக்காரர் பல வாரங்களுக்குப் பிறகு தம் பரிசோதனைக்கூடத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பச்சை. இலைப் பச்சை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, மழைக்குப் பிறகு நிற்கிற தோட்டம் மாதிரி, பச்சை. போட்ட வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி தலைக்குமேல் நின்றது.

குளிக்கும்போது கண்ணாடி கிடையாது. அவருக்கு எல்லாக் கூரையும் பனிமூட்டம்; அண்ணாந்து பார்ப்பதே இல்லை. அளக்கும்போது தலை குனிந்திருக்கும். கழிப்பறையோ தனி. இப்படியாக ஒரு மனிதர், தம் வீட்டில், தினமும் புழங்கும் அறையின் கூரையைப் பார்க்காமலே காலம் தள்ளியிருந்தார். ஊரார் படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தவர்.

மனைவி பயிற்சி வகுப்பு முடித்து வந்தபோது அவர் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, கூரைய எப்ப பச்சையாக்கினே?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "சூப்பர்னீங்களே?"

"ஆமா."

"அசத்திட்டேன்னீங்களே?"

"ஆமாம்மா."

"பாக்காமலா?"

பெட்டியைப் பிரிக்காமலே ஐந்து நட்சத்திரம் போடும் ஆட்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். அதில் 'கூலிக்குக் கைதட்டுகிறவர்கள்' என்று ஒரு சொல் வரும். தாம் கூலிகூட வாங்கவில்லை என்பது இப்போது ஆறுதலாக இல்லை.

மூவரும் உணவு மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் கணக்குப் போட்டார். ஐந்நூறு காட்ட வேண்டிய பெரியவர் இந்தக் கூரையின் கீழ் முந்நூற்று நாற்பது காட்டுகிறார். அப்படியானால் அறுநூற்றுப் பத்து காட்டிய டார்ச்சின் நிஜமான வெளிச்சம்...

"எண்ணூத்தித் தொண்ணூத்தேழு" என்றார்.

"மூணு குறையுதே?" என்றார் மாமியார்.

"அது கை ஆடுறதுல போற அளவு அத்தை. அந்த அம்மா சொன்னது அப்படியே நெஜம்."

"அப்ப என்ன, நம்பர மட்டும் மாத்திடுங்க மாப்ள. பழசத் தூக்கிட்டு புதுசப் போட்டா யாரு கேக்கப் போறா? கூரையப் பத்தியெல்லாம் ஊருக்கு எதுக்கு? நம்ம வீட்டுக் குளியலறை."

அவருக்கு அந்த யோசனை ஏற்கெனவே வந்திருந்தது; வாசலில் நின்றபோதே வந்து, உட்கார இடம் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றினால் போதும். ஆம்புலன்ஸ் சங்கமும் பார்த்துவிடும். இருநூறு டார்ச் அளந்தவரின் தலை பலகை உயரத்திலேயே இருக்கும்.

மேசைக்கு அடியில் மனைவியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்கிறவன் சுவரில் கொண்டுபோய் மோதப்போகிறான் என்று தெரிந்தால், தன் பக்கத்துப் பிரேக்கை அவள் அப்படித்தான் அழுத்துவாள். வாயால் கத்துவது அதற்கப்புறம்தான்.

அவர் அந்தக் காலைப் பார்த்தார்.

"போட்டோ எடுக்கணும்" என்றார். "கூரையோட. நான் கீழ நிக்கிறேன், நீ எடு."

தலைப்பை உரக்கப் படித்தபடியே அடித்தார்: "பொய் சொன்னது டார்ச் அல்ல, என் வீட்டுக் கூரை."

"நில்லுங்க, நில்லுங்க" என்றாள் மனைவி. "கூரை என்னங்க பண்ணுச்சு? அது அது பாட்டுக்கு மேல இருக்கு. பாக்காதது நீங்க."

அழித்துவிட்டு மறுபடி அடித்தார்: "பார்க்காமல் எழுதினேன்." பழைய தலைப்பு எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்ததோ அதே அளவில் போட்டார். பெரியவரை வைத்துப் பார்க்காததை எழுதினார். கணக்கு முழுவதையும் எழுதினார். குனிந்து நின்று விற்கும் பொய்யன் என்ற அந்த வரியைத் திரும்பவும் எடுத்துப் போட்டு, "இந்த வரி நன்றாக இருந்தது. அதனால்தான் அதைச் சரிபார்க்கத் தோன்றவில்லை" என்று கீழே சேர்த்தார். படத்தில், பச்சைக் கூரையின் கீழ், கறுப்புச் சட்டையும் சோடாபுட்டியுமாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். கையில் வாளி எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

வாசகர்கள் விடவில்லை. மாட்டு மருத்துவர், "போன வருடம் நீங்கள் சொல்லி வாங்கிய தலைவிளக்கு எந்த நிறக் கூரையில் தேறியது?" என்று கேட்டார். அவருக்குப் பதில் எழுதினார். இன்னும் கேட்ட எல்லாருக்கும் எழுதினார். தேனீ வளர்ப்பவர், "இந்த முறை கொட்டு உங்களுக்கே அண்ணே" என்றார். செருப்புக் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "உங்க கடைக் கூரையையும் ஒரு தடவை பாத்துடுங்க. போன மாசம் போட்ட கண்ணாடியில எனக்கு எல்லாச் செருப்பும் சின்னதா தெரியுது." கண்ணாடிக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு அவருடைய கண்ணாடியை வாங்கி நிஜமாகவே சோதித்தார். பவர் சரியாக இருந்தது. செருப்புகள்தான் சின்னவை.

சங்கத்திடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. பட்டறைக்கார அம்மாவும், "படிச்சேன் சார். நன்றி. அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று ஒரு செய்தி அனுப்பியதோடு சரி. கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கரகரத்த குரல் கூப்பிட்டது. சங்கத் தலைவர், இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"அண்ணே, நீங்க மொதல்ல ஒண்ணு எழுதுனீங்க, அப்புறம் ஒண்ணு எழுதுனீங்க. எங்க பசங்க எதயும் நம்ப மாட்டேங்குறாங்க. அந்தக் கூரைய நேர்ல பாக்கணுமாம். அந்த லட்சம் லூமனையும் கொண்டாறோம், பட்டறைக்கார அம்மாவையும் வரச் சொல்லியிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலையில வரலாமா?"

"குளியலறை சின்னதுங்க."

"நாங்க லிஃப்ட் இல்லாத மாடியெல்லாம் ஏறுறவங்க. நின்னுக்குவோம்."

நின்றார்கள். தலைவர், பூட்ஸ் போட்ட இரண்டு இளைஞர்கள், பட்டறைக்கார அம்மா, வாளிக்குப் பின்னால் கண்ணாடிக்காரர். பட்டறைக்கார அம்மாவின் விரல் நகங்களில் அலுமினியப் பொடி மின்னியது. அவர் யாரோடும் பேசாமல் ஷவர் குழாயை ஒட்டி நின்றார். மனைவி கதவருகில். கூடத்தில் மாமியார், தோளில் துண்டோடு, "நான் இன்னிக்கு உள்ள போன மாதிரிதான்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் பெரியவர். முந்நூற்று நாற்பது. கணக்கை எல்லாருக்கும் புரியும்படி சொன்னார்.

அடுத்தது லட்சம் லூமன். எரிந்ததும் பளிச்சென்று இருந்தது. "பார்றா!" என்றான் ஓர் இளைஞன். கணக்குப்படி எண்ணூறு. லட்சத்துக்குக் கொஞ்சம் தூரம்தான். ஆனால் எண்ணூறு ஒன்றும் குறைவில்லை. ஷவர் குழாயருகில் இருந்த முகம் இறுகியது. கண்ணாடிக்காரர் அணைக்கவில்லை. "காத்திருப்போம்" என்றார். அவர்கள் அதிலேயே நின்றார்கள். மாமியார் கூடத்திலிருந்தே தம் முழங்கால் வலியின் வரலாற்றைத் தலைவருக்குச் சொல்ல ஆரம்பித்தார். மருத்துவர் மூன்றாவது மாத்திரையை மாற்றிக் கொடுத்த கட்டத்தில், உள்ளே ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. நூற்றுச் சொச்சம். அப்புறம் அதுவும் கண்சிமிட்டியது.

"ஸ்ட்ரெச்சர் இப்ப எத்தனாவது மாடியில இருக்கும்?" என்று மெல்லக் கேட்டார் தலைவர்.

அடுத்துப் பட்டறை டார்ச்சை முக்காலிமேல் நிறுத்தினார்கள். எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. அதே எண். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் சட்டென்று இறங்கியது.

"இதுவும் மங்குதே!" என்று கத்தினான் இளைஞன்.

"மங்கும்" என்றார் பட்டறைக்கார அம்மா. முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மூணு நிமிஷம் ஆச்சு. பெட்டியில போட்டிருக்கேன், படிச்சுப் பாரு தம்பி."

அவன் பெட்டியை அந்த வெளிச்சத்திலேயே தூக்கிப் பிடித்துப் படித்தான். நானூறு என்று இருந்தது. கண்ணாடிக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னதும் நானூறு. எல்லாரும் வெளியே வந்து தேநீர் குடித்தார்கள். டார்ச் உள்ளே தனியாக எரிந்துகொண்டிருந்தது. மாமியார் இரண்டாவது முழங்காலையும் சொல்லி முடித்தார். போய்ப் பார்த்தார்கள். நானூறு.

தலைவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளத்தத் தாங்காதுன்னு வேற போட்டிருக்கீங்க?"

"தாங்காதே சார்."

"எங்க வண்டி குளத்துக்குள்ள போச்சுன்னா, நாங்க டார்ச்சையா தேடப் போறோம்?" என்று சிரித்தார் தலைவர். "சரிம்மா. மொதல்ல சொன்ன மாதிரியே எல்லா வண்டிக்கும் அனுப்பிடுங்க. இந்த லட்சத்த இவன் மூஞ்சியிலயே விட்டெறியிறோம்" என்று மாதிரிக்கு லட்சம் லூமனை வாங்கி வந்த இளைஞனைக் காட்டினார். அவன் அதைப் பின்பாக்கெட்டில் மறைத்தான். இன்னும் ஆறாத சூட்டில் துள்ளி வெளியே எடுத்தான்.

பட்டறைக்கார அம்மா தம் டார்ச்சை எடுத்து, இன்னும் சூடாக இருந்த அதைச் சட்டைக் கையால் துடைத்து, பெட்டியில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். தலை நிமிர்ந்திருந்தது. பிறகு அதைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார்.

"இது நீங்க காசு குடுத்து வாங்குனது சார். உங்களோடதுதான். அந்த ரெண்டு பேர்கிட்டயும் நாளைக்குச் சீக்கிரமா வரச் சொல்லணும், நான் கெளம்புறேன்."

வெளியே போகிற வழியில் ஓர் இளைஞன் குளியலறையை எட்டிப் பார்த்தான். "கூரை யாருண்ணே அடிச்சது? சோக்கா இருக்கு."

"நான்தான்" என்றாள் மனைவி, கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கும் முன். அவர் சொன்னாலும் அவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்க மாட்டார். தெருவில் நின்று வண்டி எடுக்கிறவர்களிடம் அவள் பேசுவது உள்ளே கேட்டது: "எங்க வீட்டுக்காரரு தப்பா எழுதிட்டாருன்னு ஊரே படிச்சுது பாத்தீங்கல்ல? அதே எழுத்து சைசுல போட்டாரு. போட்டோகூட நான்தான் எடுத்தேன்." மகனுக்கு மெடல் கிடைத்ததைச் சொல்லும் குரல். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி உள்ளே கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். இருநூறு டார்ச் அளந்தபோது வராத ஒரு நிமிர்வு, தப்பாக அளந்ததை ஒப்புக்கொண்டதில் வந்து தொலைந்திருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் திரும்பி வந்து எதிரே நின்றாள். அலமாரி அங்கே இல்லாததால் சந்தேகத்துக்கு இடமில்லை.

"இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பட்டறை டார்ச்சை எடுத்துக்கொண்டு, முக்காலிமேல் ஏறி, கூரையை விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு கீழே காத்திருந்தாள்.

"நிறம் நல்லாருக்கு. நெஜமாவே நல்லாருக்கு. பிரஷ் ஓட்டம் நேரா இருக்கு. வெளிச்சத்தத் திங்குது, பல்பு பெருசா மாத்தணும். ஜன்னலுக்கு மேல ஒரு திட்டு. அப்புறம், இந்தக் குழாய்க்குப் பின்னாடி மூலையில, ரெண்டு விரல் அகலத்துக்கு அடிக்கவே இல்ல."

அவள் கண்கள் விரிந்தன. "அது தெரிஞ்சுதா! கை எட்டலங்க. யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

"நான் பாத்துட்டேன். நாலு நட்சத்திரம்."

"நாலுதானா?"

"மூலை இருக்கே."

அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அம்மா! நாலு குடுத்திருக்காரும்மா! ஏணி மேல ஏறிப் பாத்துட்டு நாலு!"

"அது முக்காலி" என்றார் அவர்.

"நாலோ அஞ்சோ, மொதல்ல ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்று மாமியார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று மாப்பிள்ளையின் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சோப்பு கெடச்சிடுச்சு!"